ஊர் நினைவைக் காத்தலும் ஒரு திருப்பணியே

(திருக்குடமுழுக்கு விழா அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சிவமயம்



குடமுழுக்கு நன்னாளில் பேச வருவோர் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றன் பெருமையையும் எடுத்துரைத்தல் மரபு. எனக்கு முன் பேசிய அறிஞர் பெருமக்கள் அவற்றை நிறைவாகச் சொல்லிவிட்டனர். அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. அது கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் நினைவைப் பற்றியது. ஓதுவார் கூட்டமும் உழவாரக் கூட்டமும் விட்டுச் சென்ற கணக்கேடு, நிழற்படம், அழைப்பிதழ் ஆகியவையும், போர்முனைக்குச் சென்று மீண்ட ஒருவர் தம் பெட்டியில் வைத்துச் சென்ற சிறு பொருள்களும் ஓர் ஊரின் வரலாற்றுக்குச் சான்றுகளாகும். அவற்றைக் காப்பதும் திருப்பணியின் ஒரு கூறே என்பதை உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

திருப்பணி தொடங்குமுன் நாம் முதலிற் செய்வது யாது? கல்லைப் பெயர்ப்பதன்று, சுண்ணம் உதிர்ப்பதன்று. மூலத்தானத்து இறைவனின் அருட்கலைகளைத் திருக்குடத்தில் எழுந்தருளச் செய்து, வேறோர் இடத்தில் சிற்றாலயம் ஒன்று அமைத்து, அங்கே நாள் வழிபாடு குறையாமல் நடத்துகின்றோம். ஆகமங்கள் இதனைப் பாலாலயம் என்னும். தமிழில் இஃது இளங்கோயில் எனப்படும். திருமீயச்சூரில் இளங்கோயில் என்ற பெயருடனேயே பாடல் பெற்ற தலம் ஒன்று இன்றும் விளங்குவதை நீங்கள் அறிவீர்கள். இம்முறையின் உட்பொருள் மிக எளியது. பழையதைக் கலைக்குமுன், அதனுள் உறைவதற்குப் பாதுகாப்பான ஓர் இடம் செய்துவிட வேண்டும். அதன் பின்னரே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

இறைவன் திருமேனிக்கு நாம் தவறாது செய்யும் இம்முறையை, அவன் அடியார்களின் நினைவுக்குச் செய்கின்றோமா என்பதே என் வினா.

முன்னோர் காட்டிய வழி

நம் முன்னோர் செய்தனர். அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில் அதற்குச் சான்று உண்டு. முதலாம் இராசராச சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அத்திருக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்னர், சுவரில் இருந்த கல்வெட்டுக்களை எல்லாம் ஒரு புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அப்படியைக் கொண்டு அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. கங்கையும் கடாரமும் நோக்கிப் படை செலுத்திய பேரரசின் காலத்தில், ஊரார் முன்னர்க் கொடுத்த விளக்கெண்ணெய்க் கணக்கையும் நெல்லளவையும் அழியாமற் காக்க இத்துணைக் கவலை எடுத்துக்கொண்டனர். இஃது எழுத்துக்கு அமைத்த இளங்கோயில் அன்றோ!

இக்கவலை இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கும் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய திருவிடைவாய்ப் பதிகம், நமக்குக் கிடைத்த ஏடுகளில் இல்லை. 1917ஆம் ஆண்டில் அவ்வூர்க் கோயிலின் கல்வெட்டிலிருந்தே அது வெளிப்பட்டது. ஒரே ஒரு சுவர் அப்பதிகத்தைத் தாங்கி நின்றது. பழுதடைந்த சுவர் என்று எவரேனும் அதனை முன்னமே இடித்து அடிமனைக்குக் கல்லாக இட்டிருந்தால், ஆளுடைய பிள்ளையாரின் பதிகம் ஒன்றை நாம் என்றென்றைக்கும் இழந்திருப்போம்.

அண்மையில் நிகழ்ந்ததும் உங்கள் நினைவில் இருக்கும். 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் சீர்காழித் திருக்கோயிலில் குடமுழுக்கின் பொருட்டு வேள்விச்சாலை அமைக்க மண்ணைத் தோண்டியபோது, இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும் தேவாரம் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேட்டுப் பகுதிகளும் வெளிப்பட்டன. யாரோ, எக்காலத்திலோ, எந்த இடருக்கு அஞ்சியோ அவற்றை மண்ணுள் மறைத்துக் காத்தனர். மறைத்தவர் கடமையைச் செய்தனர். ஆனால் மறைத்தவர் யார், எக்காரணத்தால் மறைத்தனர் என்று ஒரு வரி எழுதிவைப்பார் இல்லை. பொருள் கிடைத்தது; அதன் கதை கிடைக்கவில்லை.

பெயரின் அருமை

நினைவு என்பது பெரும்பாலும் பெயரைப் பற்றி நிற்பது. சைவ உலகுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகை அடியார்களின் பெயர்த்தொகுதியே. அதனை விரித்து நம்பியாண்டார் நம்பி அந்தாதி செய்தார். அவ்விரண்டையும் கொண்டு சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் திருத்தொண்டர் புராணம் அருளினார். முதலில் பெயர், பின்னர்க் குறிப்பு, அதன் பின்னரே காப்பியம். அப்பெயர்த்தொகை இல்லையாயின் பெரிய புராணத்துக்கு நிலைக்களன் ஏது?

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில் அரசன் கொடைகளோடு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், அவர்கள் எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தனர், எந்தச் சிறகில் எத்தனையாம் மனையில் குடியிருந்தனர் என்ற விவரமும் காணப்படுகின்றன. சோழர் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்களும் அக்கல்வெட்டுக்களில் உள்ளன. ஆகவே, படைவீரர்க்கும் திருக்கோயிலுக்கும் உள்ள தொடர்பு இன்று நாம் புதிதாகக் கண்டதன்று.

இனிப் போரில் உயிர் நீத்தார் நினைவைக் கருதுவோம். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு துறைகள் வகுத்தது தொல்காப்பியம். செங்கம் வட்டாரத்து நடுகற்களை ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டனர். அவ்வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கால்நடைகளைக் காக்கும் பூசலில் பட்ட வீரன் ஒருவனின் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு கோவிவன் என்ற நாயின் பெயரும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் அக்கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், காவல் நின்ற ஒரு நாயின் பெயரையும் விட்டுவிட மனம் வராத மக்கள் நம் முன்னோர்.

இதனோடு பிற்காலத்துக் கல் ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 1914ஆம் ஆண்டு தொடங்கிய முதல் உலகப் பெரும்போரில் இந்திய நாட்டிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். போர் முடிந்த பின்னர் அரசாங்கத்தார் பல சிற்றூர்களில் நினைவுக்கல் பதித்தனர். தமிழகத்து ஊர்கள் சிலவற்றிலும் அவற்றை இன்றும் காணலாம். இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், அவருள் உயிர் நீத்தோர் இத்தனை பேர் என்ற அளவில் அக்கல் நின்றுவிடும். சென்றவர் பெயர் அதில் இராது. மாண்டவர் பெயரும் இராது. எண் மட்டுமே இருக்கும்.

அயல்நாட்டிலும் இதே நிலைதான். ஈராக் நாட்டுப் பாசுராவில் எழுப்பப்பட்ட பெரிய போர் நினைவுச்சின்னத்தில் இந்தியப் படையதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தனர். ஏனைய இந்திய வீரர்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையால் மட்டும் குறித்தனர். அச்சின்னங்களைப் பேணும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையமே 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இக்குறையை ஒப்புக்கொண்டது. ஆசிய ஆப்பிரிக்க நாட்டினராகிய 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்க்கு ஈடாக நினைவுகூரப்படவில்லை என்றும், அவர்களுக்கு மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது.

அன்பர்களே! அரசாங்கத்தின் கல் எண்ணைச் சொல்கிறது. பெயரைச் சொல்ல வல்லது எது? ஒரு வீட்டின் பரண்மேல் கிடக்கும் தகரப்பெட்டி. அதனுள் இருக்கும் பதக்கத்தின் விளிம்பில், படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அப்பெட்டியைப் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவனிடம் போட்டுவிட்டால், அந்த எண்ணுக்கு உரிய மனிதர் இரண்டாம் முறையும் மறைகின்றார்.

கூட்டங்களின் ஏடுகள்

தனியடியார் அறுபத்து மூவரோடு தொகையடியார் ஒன்பதின்மரையும் வைத்துப் போற்றுவது நம் சமயம். கூட்டமாக நின்று தொண்டு செய்தோர்க்கும் அதில் இடம் உண்டு. அண்மைக் காலத்தில் அத்தொகையடியார் வழியில் நின்றவை ஊர்தோறும் தோன்றிய சபைகளும் மன்றங்களுமாம். தூத்துக்குடியில் சைவ சித்தாந்த சபை 1883இலும், பாளையங்கோட்டையில் சைவ சபை 1886இலும் தோன்றின. அத்தகைய பெருஞ்சபைகள் ஆண்டறிக்கை அச்சிட்டன, மலர்கள் வெளியிட்டன. அதனால் அவற்றின் தொண்டை நாம் அறிகின்றோம். ஆனால் ஒவ்வொரு சிற்றூரிலும் வெள்ளிக்கிழமை தோறும் திருமுறை ஓதியவர்கள், தேரோட்டத்தன்று நீர்மோர்ப் பந்தல் வைத்தவர்கள், திருக்குளத்தைத் தூர் எடுத்தவர்கள், மார்கழி விடியலில் வீதி வலம் வந்து பாடியவர்கள் ஆகியோர் அறிக்கை அச்சிடவில்லை. நாற்பது பக்கக் கணக்குப் புத்தகம் ஒன்றையும், பொன்விழாவன்று எடுத்த குழுப் படம் ஒன்றையும், பெயர் வெட்டிய ஒரு சோடித் தாளத்தையும் விட்டுச் சென்றனர். அவைதாம் அவர்களுடைய கல்வெட்டு.

அக்கணக்குப் புத்தகத்தை இழிவாக எண்ணற்க. அதில் அந்நாளைய எண்ணெய் விலை இருக்கும். எந்தத் தெருவார் எந்த நாள் மண்டகப்படி ஏற்றனர் என்பது இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் சந்தா நின்றுபோனது இருக்கும். புயலடித்த ஆண்டில் பந்தல் மூங்கில் மீண்டும் வாங்கிய செலவு இருக்கும். ஊர் வரலாறு எழுதப் புகுவானுக்கு இதனினும் நம்பத்தக்க சான்று வேறு கிடைப்பது அரிது. ஏனெனில் புகழ் கருதி எழுதியது மிகையாதல் கூடும். கணக்குக்காக எழுதியது மிகையாவதில்லை.

நம் ஊரில் கண்டது

இவை பொதுவாகச் சொன்னவை. இத்திருப்பணியின்போது நம் ஊரிலேயே நிகழ்ந்தது ஒன்றைச் சொல்கிறேன். வாகன மண்டபத்தை அடுத்த அறையைப் பிரித்தபோது, குப்பையோடு போகவிருந்த மரப்பெட்டி ஒன்றைத் தொண்டர் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எடுத்து வைத்தார். முன்னாளில் இங்கே திருமுறை ஓதி வந்த கூட்டத்தாரின் பெட்டி அது. அதனுள்ளே ஈரம் பட்ட குழுப் படம் ஒன்றும், சந்தாப் புத்தகமும், மார்கழிப் பொங்கல் கணக்கேடும் இருந்தன.

அக்கணக்கேட்டில் 1971 டிசம்பர் மாதத்துப் பக்கத்தை நாங்கள் வியப்போடு படித்தோம். அம்மாதம் 3ஆம் நாள் தொடங்கி 16ஆம் நாள் டாக்காவில் எதிர்ப்படை சரணடையும் வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நடந்தது. அந்நாள்களில் மாலைதோறும் கோளறு பதிகம் ஓதிய வகையில் எண்ணெய்க்கும் கற்பூரத்துக்கும் ஆன செலவு நாள் நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. பதினேழாம் தேதிக்கு எதிரே சர்க்கரைப் பொங்கல் செலவு. ஊரார் யாருக்காக ஓதினர், ஏன் பொங்கலிட்டனர் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த பக்கத்தில் வரவு இனத்தில், பட்டாளத்துத் தம்பி மணியார்டர் 15 ரூபாய் என்று இருந்தது. பெயர் இல்லை.

அக்காலத்தில் நம் ஊரிலிருந்து படையில் இருந்தோர் மூவர். அவருள் ஒருவரும் இன்று இல்லை. பணம் அனுப்பியவர் யார் என்பது எவர்க்கும் தெரியவில்லை.

இச்செய்தி ஊரிற் பரவிய சில நாள்களில், அம்மூவருள் ஒருவருடைய துணைவியார் தம் பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பிள்ளையின் தலையில் பச்சை வண்ணம் பூசிய தகரப்பெட்டி. மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் படை எண்ணும் பெயரும் இருந்தன. வீட்டை இடித்துக் கட்டவிருப்பதால் அதனை அந்த வாரமே பழைய இரும்புக்குப் போட எண்ணியிருந்தனராம்.

பெட்டியில் இருந்தவற்றை அந்த அம்மையாரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். படையிலிருந்து விடுவித்த சான்றேடு. கிழக்கு முனையில் பணி செய்தோர்க்கு அளித்த பூர்வி விண்மீன் பதக்கம். அப்போரின் நினைவாக வழங்கிய சங்கிராம் பதக்கம். அலுமினியத் தட்டு ஒன்று. நூலிற் கட்டிய மடல்கள். கணவர் எழுதிய மடல்களில் ஊர்ப்பெயர் இல்லை, 99 ஏ.பி.ஓ. என்ற படை அஞ்சல் எண் மட்டுமே உண்டு. அவர் இருந்த இடம் எது என்று அம்மையார் வாய்மொழியாகச் சொன்ன பிறகே எங்களுக்கு விளங்கிற்று. அம்மையார் எழுதிய மடல் ஒன்றில் மாதமும் நாளும் இருந்தன, ஆண்டு இல்லை. ஆயினும் அதன்மேல் 5 பைசா அகதிகள் நிவாரணத் தலை ஒட்டியிருந்தது. 1971 நவம்பர் முதல் 1973 மார்ச்சு வரையே அத்தலையை ஒட்டும் கட்டாயம் இருந்தது. ஆதலின் காலம் தெளிவாயிற்று. பாருங்கள், ஓர் ஐந்து பைசாத் தலையும் வரலாற்றுக்கு விளக்காகின்றது!

கடைசியாக, மடல்களுக்கு அடியில் நான்காக மடித்த தாள் ஒன்று. அதனுள் திருநீறு. தாள் எது எனின், நம் திருமுறைக் கூட்டத்தார் 15 ரூபாய்க்குக் கொடுத்த ரசீது. அதில் அவர் பெயர் தெளிவாக இருந்தது. ரசீது எண்ணும் நாளும் கணக்கேட்டோடு ஒத்தன. பிரசாதத் திருநீற்றை அந்த ரசீதிலேயே மடித்து உறையில் இட்டுப் போர்முனைக்கு அனுப்பியிருக்கின்றனர். அவரும் பணி முடித்து ஊர் திரும்பிய பின்னரும் ஆயுள் உள்ளளவும் அதனைக் காத்து வைத்திருந்திருக்கின்றார்.

மாலை வழிபாட்டைப் பற்றி அம்மையாரைக் கேட்டோம். "எங்க வீட்டுக்காரரையும் சேர்த்து மூணு பேர் போயிருந்தாங்க ஐயா. செய்தி வர்ற வரைக்கும் ஊரே வந்து உட்கார்ந்து பாடுச்சு. எனக்குப் பாடத் தெரியாது. விளக்குக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அன்பர்களே! கணக்கேடு செலவைச் சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை. பெட்டி பெயரைச் சொன்னது, இடத்தைச் சொல்லவில்லை. அம்மையாரின் வாய்மொழி இவ்விரண்டையும் இணைத்தது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் செய்தி முழுமை பெறாது. ஓர் ஊர் முழுவதும் தன் மூன்று பிள்ளைகளுக்காகப் பதினான்கு மாலைகள் கூடி ஓதிய செய்தி எந்த வரலாற்று நூலிலும் இல்லை. ஒரு மரப்பெட்டி குப்பையோடு போயிருந்தாலும், ஒரு தகரப்பெட்டி கடைக்குப் போயிருந்தாலும் அஃது எங்கும் இல்லாமலே போயிருக்கும்.

அவ்வீரரின் பெயரை இம்மேடையில் யான் சொல்லவில்லை. குடும்பத்தார் அதனை விரும்பவில்லை. ஆயினும் கோயிற் பதிவேட்டில் அப்பெயரை எழுத மகிழ்வோடு இசைந்தனர். விளம்பரம் வேறு, பதிவு வேறு. தொண்டு செய்தார் விளம்பரத்தை விரும்பாமை அவர் பண்பு. அவர் பெயர் அழியாமற் பதிந்து வைத்தல் நம் கடன்.

எழுதா நினைவின் நிலை

பொருளைக் காத்தால் போதாதா, எழுதவும் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். பரஞ்சோதியார் என்ற பெயரோடு படைத்தலைமை பூண்டு வாதாவியை வென்று மீண்டவர் அவர். அவர் சிவனடியார் என்பதை உணர்ந்த மன்னன், பெருநிதி அளித்து ஊருக்கு விடுத்தான். திருச்செங்காட்டங்குடியில் அவர் அமைதியாகத் தொண்டு செய்து வாழ்ந்தார். இன்றைய வழக்கிற் சொன்னால், அவரும் ஒரு முன்னாள் படைவீரரே. அவர் வாதாவியிலிருந்து கொணர்ந்தவரே அத்தலத்து வாதாபி கணபதி என்பது செவிவழிச் செய்தி. ஆனால் சேக்கிழார் பெருமான் அதனைக் குறிக்கவில்லை. அக்காலத்துக் கல்வெட்டுச் சான்றும் காட்டுவார் இல்லை. அதனால் ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஏற்பதில்லை. பக்திக்கு இதனால் குறைவு யாதும் இல்லை. விநாயகப் பெருமான் எங்கிருந்து வந்தாலும் அருள் செய்வான். ஆயினும், வெற்றி கொண்ட 7ஆம் நூற்றாண்டிலேயே யாரேனும் ஒரு வரி எழுதியிருப்பரேல் இவ்வழக்கு எழாது அன்றோ? பொருள் நிலைத்திருப்பினும் குறிப்பு இல்லையாயின், அது பின்னால் ஐயத்துக்கு இடமாகும்.

செய்யத்தக்கன

ஆகவே செய்யத்தக்க சிலவற்றைப் பணிவோடு சொல்கிறேன். இவற்றுள் பொருட்செலவு மிக்கது ஒன்றும் இல்லை.

முதலாவது, எந்தத் திருப்பணியும் தொடங்குமுன், சுவரெழுத்து, பழைய பெயர்ப்பலகை, விளக்கு, மணி, பாத்திரம் ஆகியவற்றில் உள்ள பெயர்களை எல்லாம் படமெடுத்துப் படியெழுதிவிட வேண்டும். இந்நாளில் கைப்பேசி இல்லாத வீடு இல்லை. ஒரு பிற்பகற் பொழுதில் முடியக்கூடிய வேலை இது. அறைகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தாள்களை, படித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் காணாமல் எரிக்கக் கூடாது.

இரண்டாவது, கோயிலில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். பொருள் யாது, யாருடையது, எக்காலத்தது, இப்போது யாரிடம் உள்ளது, இச்செய்தியைச் சொன்னவர் யார், கேட்டு எழுதியவர் யார், எழுதிய நாள் எது என்னும் ஏழு செய்திகளும் அதில் இருத்தல் வேண்டும். கேட்டதைக் கேட்டவாறே எழுதுக, அழகுபடுத்த வேண்டா. இருவர் இருவேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுக. பதிவேட்டுக்குப் படிகள் இரண்டு எடுத்து வேறு வேறு இடங்களில் வைக்க. ஒரே ஏட்டை நம்பியிருந்தமையாற் செல்லுக்கு இரையான நூல்கள் எத்தனை என்பதைத் தமிழர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

மூன்றாவது, பொருளை உரியவரிடமிருந்து பறித்தல் ஆகாது. பதக்கம் குடும்பத்தின் சொத்து. மடல் கணவன் மனைவியரின் அந்தரங்கம். அவர்கள் இசைந்ததை மட்டுமே படியெடுக்க. பொருள் வீட்டிலேயே இருக்கலாம். குறிப்பும் படமும் கோயிலில் இருந்தாற் போதும்.

நான்காவது, காக்கும் முறை அறிந்து காக்க வேண்டும். பதக்கத்தைப் புளியிட்டுத் துலக்கற்க. துலக்கத் துலக்க விளிம்பிலுள்ள பெயர் தேயும். பழைய தாளை ஒட்டுநாடாவால் ஒட்டற்க. நாளடைவில் பசை கறுத்து எழுத்தை உண்ணும். படத்தின் பின்புறம் மைப்பேனாவால் எழுதாமல் காரீயப் பென்சிலால் மெல்ல எழுதுக. படத்தில் இருப்போர் பெயர்களை இடமிருந்து வலமாகக் குறிக்க. மஞ்சளும் கோவையிலைச் சாறும் பூசி ஓலைச்சுவடியைக் காத்த மரபினர் நாம். இவை நமக்குப் பெரிய வேலையல்ல.

ஐந்தாவது, முதியோரை இன்றே கேளுங்கள். பெட்டி ஐம்பது ஆண்டுகள் காத்திருக்கும், மனிதர் காத்திரார். பள்ளிப்பிள்ளைகளை வாரம் ஒருவராக அனுப்பி ஒரு பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு செய்தி கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். எழுத்துப் பயிற்சியும் ஆகும். பெரியோரிடம் அன்பும் வளரும்.

கொடையாளருக்கு ஒரு சொல்

முடிவாக, கொடை வழங்கிய பெருமக்களுக்கு ஒன்று சொல்லி அமைகின்றேன். உங்கள் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டிப் பதித்திருக்கின்றனர். அது தக்கதே. ஆனால் அக்கல் பதித்த இடத்தில் முன்னைக் குடமுழுக்கின் பெயர்ப்பலகை ஒன்று இருந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை திருப்பணி நடைபெறுதல் முறை. அடுத்த திருப்பணியில் புதியோர் பெயர்கள் வரும், இடம் வேண்டும், இக்கல்லையும் எடுப்பர். முன்னையோர் பெயரை நாம் எவ்வாறு நடத்துகின்றோமோ அவ்வாறே நம் பெயரைப் பின்னையோர் நடத்துவர். அகற்றிய அப்பழைய பலகை இப்போது மடைப்பள்ளியின் பின்புறம் சாய்த்து வைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள பெயர்களை எல்லாம் படியெடுத்துப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவிட வேண்டும் என்று திருப்பணிக் குழுவினரை வேண்டுகின்றேன். அப்பக்கத்திலேயே திருமுறைக் கூட்டத்தார் பெயர்களும், எண்ணெய் வார்த்த அந்த அம்மையாரின் பெயரும், பட்டாளத்துத் தம்பியின் பெயரும் இடம்பெறுக.

நூறாயிரம் ரூபாய் கொடுத்தவரும் போர்முனையிலிருந்து பதினைந்து ரூபாய் அனுப்பியவரும் இறைவன் திருமுன்னர் ஒரு நிறையினரே. அவர்தம் பெயர்கள் ஒரே ஏட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கட்டும். அந்த ஏடே இவ்வூர் நினைவுக்கு இளங்கோயிலாகுக.

அதற்கு எல்லாம் வல்ல பரம்பொருள் துணை நிற்பானாக. 

திருச்சிற்றம்பலம்